ஒரே சொல்லை வைத்துத் தமிழ் எழுத்து, அச்சு, வீடியோ மூன்றையும் சோதிப்பது எப்படி?

கேள்வி இது: "அண்ணாச்சி, கிராஃபிக் டிசைன் கடைசி வருடம் படிக்கிறேன். சொந்த ஊர் சேரன்மகாதேவி பக்கம். எழுத்துரு, அச்சு, வீடியோ மூன்றையும் சேர்த்துத் தமிழில் ஒரு பரிசோதனை புராஜெக்ட் செய்யலாம் என்றிருக்கிறேன். வகுப்பில் காட்டிய உதாரணம் எல்லாம் ஆங்கில எழுத்தில்தான் இருந்தது. நம்ம ஊர்ப் பக்கத்தில் இருந்து எதை எடுக்கலாம், எங்கே ஆரம்பிக்கலாம்? ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் அனிமேஷன் மென்பொருளில் தமிழ் போட்டால் எழுத்து உடைகிறது. கையில் லேப்டாப்பும் போனும்தான் இருக்கு, போதுமா?"

போதும், தம்பி. போனைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில், முழு எழுத்துரு ஒன்றை வரைய உட்கார வேண்டாம். உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என்று 247 எழுத்து. அதற்கு மேல் கிரந்தம், எண்கள், நிறுத்தக்குறிகள். ஒரு செமஸ்டருக்குள் இதை முடிக்கப் பார்த்தால் பாதி எழுத்து அவசரத்தில் வரைந்ததாக இருக்கும், அச்சுக்கும் வீடியோவுக்கும் கடைசி வாரம்தான் மிஞ்சும். ஒரே ஒரு சொல்லை எடுங்கள். எழுத்தாணி, ஈய எழுத்து, பாய்த்தறி, பெயிண்டர் பிரஷ், ஆஃப்செட் பிளேட், கேமரா என்று ஒவ்வொரு கருவியிடமும் அந்தச் சொல்லைக் கொண்டுபோங்கள். எந்தக் கருவி எழுத்தை எப்படி வளைக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்துப் பதிவு செய்வதே ஒரு முழுப் புராஜெக்டுக்குப் போதுமான வேலை.

எந்தச் சொல்? நான் எடுப்பதாக இருந்தால் 'பனையோலை'யை எடுப்பேன். திருச்செந்தூர், சாத்தான்குளம் தேரிக்காட்டைப் பார்த்த யாருக்கும் பனை அந்நியம் இல்லை என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் அதன் எழுத்துகள். னை, லை இரண்டும் 1978 எழுத்துச் சீர்திருத்தத்தில் வடிவம் மாறியவை. யோ-வில் இரட்டைக் கொம்பு (ே) முன்னாலும் கால் (ா) பின்னாலும் நிற்கிறது. படிக்கிறவருக்கு இது 4 எழுத்து. ஈயத்தில் வார்த்த அச்சு எழுத்தைக் கையால் கோத்த கம்பாசிட்டருக்கு 1978-க்கு முன் இது 6 துண்டு, ஏனென்றால் பழைய னை, லை ஒவ்வொன்றும் ஒற்றைத் துண்டாகவே வார்க்கப்பட்டது. சீர்திருத்தத்துக்குப் பின் இணைக்கொம்பு (ை) தனியாகப் பிரிந்து 8 துண்டு ஆனது. கம்ப்யூட்டரும் போனும் எழுத்துகளைச் சேமிக்கிற பொதுக் குறியீடான யூனிகோடில் 7 குறி. ஒரே சொல்லை யார் எண்ணுகிறார்கள் என்பதைப் பொறுத்து 4, 6, 8, 7 என்று கணக்கு மாறுகிறது. ஆங்கிலத்தில் இப்படி ஒரு சொல்லைத் தேடிப் பிடிப்பது கஷ்டம். வகுப்பில் காட்டும் உதாரணங்கள் உங்களுக்குப் பொருந்தாமல் போவதற்கும் இதுதான் காரணம்.

1978 மாற்றத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் வயதுக்காரர்கள் பலர் பழைய வடிவத்தைப் பார்த்ததே இல்லை. பெரியார் 1935-இலேயே குடிஅரசு இதழில் சில எழுத்துகளை மாற்றி அச்சிடத் தொடங்கினார். எம்.ஜி.ஆர். அரசு 1978-இல் அதில் ஒரு பகுதியை ஏற்று ஆணை போட்டது. ணை, லை, ளை, னை நான்கிலும் தும்பிக்கை மாதிரிச் சுழித்து முன்பக்கம் ஒட்டியிருந்த கோடு போய், மற்ற எழுத்துகளுக்கு இருக்கிற அதே இணைக்கொம்பு வந்தது. ணா, றா, னா மூன்றிலும் எழுத்தோடு சேர்ந்து வளைந்திருந்த கால் பிரிந்து தனிக் கால் ஆனது. அந்த மூன்றின் ஒகர, ஓகார வடிவங்களும் அப்படியே. மொத்தம் 13 எழுத்து. நீங்கள் என்னைக் கூப்பிட்ட 'அண்ணாச்சி'யிலும் அதில் ஒன்று இருக்கிறது. பழைய வடிவத்துக்கு யூனிகோடில் தனி எண் கிடையாது, எழுத்துருவுக்குள் யாராவது மாற்று வடிவமாக வரைந்து வைத்திருந்தால்தான் வரும். அதனால் இதை நீங்களே பார்த்து வரைய வேண்டியிருக்கும். பார்க்க இடமா இல்லை? தாத்தா காலத்துக் கல்யாணப் பத்திரிகை, பழைய பள்ளிக்கூடத்தின் அடிக்கல், கோயில் பிராகாரத்தில் பதித்த உபயக் கல் எல்லாவற்றிலும் இருக்கிறது. பாளையங்கோட்டையில் ஒரு சுற்றுச் சுற்றினாலே போதுமான படம் எடுத்துவிடலாம்.

சரி, சொல் கிடைத்துவிட்டது. அதை வைத்து என்ன கேட்பது? இங்கேதான் நம் அச்சு வரலாறு உங்களுக்கு உதவும்.

இன்று நமக்குத் தெரிந்தவற்றில் தமிழ் எழுத்தில் அச்சான முதல் புத்தகம் 'தம்பிரான் வணக்கம்'. 1578-இல் கொல்லத்தில் அச்சானது, 16 பக்கம். அதை உருவாக்கிய போர்ச்சுகீசியப் பாதிரியார் அண்டிரிக் அடிகளார் முத்துக்குளித்துறையில், நம் தாமிரபரணி கடலில் கலக்கிற புன்னைக்காயலில் நெடுங்காலம் வாழ்ந்தவர். 1586-இல் வந்த அவருடைய 'அடியார் வரலாறு' புன்னைக்காயலிலேயே அச்சானதாகச் சொல்வார்கள். அந்த 1578 புத்தகத்தின் தலைப்புப் பக்கத்தின் படம் இணையத்தில் எளிதாகக் கிடைக்கும், எடுத்துப் பாருங்கள். 'தமபிரான வணககம' என்றுதான் இருக்கும். மெய்யெழுத்துக்குப் புள்ளி இல்லை. ஓலையில் எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை பொத்துப்போகும் என்பதால் எழுதுகிறவர்கள் புள்ளியை விட்டுவிடுவது வழக்கம். குறில் எ, ஒ-வுக்கும் நெடில் ஏ, ஓ-வுக்கும் வித்தியாசம் காட்டாமலே எழுதினார்கள். படிக்கிறவர் இடம் பார்த்துப் புரிந்துகொள்வார். ஆனால் காகிதத்தில் ஈய எழுத்தை அழுத்தும்போது புள்ளி போட்டால் ஒன்றும் கிழியாதே? கருவி மாறிவிட்டது. ஓலையின் பழக்கம் மட்டும் கூடவே வந்துவிட்டது.

இந்த ஒரு பக்கத்தை நன்றாக உள்வாங்கிக்கொள்ளுங்கள். புதுக் கருவி வரும்போதெல்லாம் பழைய கருவியின் பழக்கம் அதில் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. அது போக வெகுகாலம் ஆகும். இப்போது நாம் எழுதுகிற இரட்டைக் கொம்பும், ஓகாரத்தை ஒகரத்தில் இருந்து பிரித்துக் காட்டுகிற முறையும் 18-ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் செய்த மாற்றம் என்று படித்திருப்பீர்கள். அவர் கோவில்பட்டிக்குப் பக்கத்தில் காமநாயக்கன்பட்டியிலும் இருந்து பணி செய்தவர். உங்கள் புராஜெக்டின் கேள்வியாக நான் வைப்பது இதைத்தான்: ஒரு கருவியின் பழக்கத்தைத் தெரிந்தே இன்னொரு கருவிக்குக் கொண்டுபோனால் எழுத்து என்ன ஆகும்? ஓலையின் பழக்கத்தை வீடியோவில் வைத்தால்? கம்பாசிட்டரின் பழக்கத்தைத் திரையில் வைத்தால்?

ஓலையில் ஆரம்பியுங்கள். பனை ஓலை கேட்டால் கொடுக்க நம் பக்கத்தில் ஆள் இருக்கிறது, பனைத்தொழில் செய்கிறவர்களிடமே கேளுங்கள். ஓலையைக் கிழித்து, ஈர்க்கை எடுத்துவிட்டு, தண்ணீரில் வேகவைத்து நிழலில் காயவைத்தால் வளைந்துகொடுக்கும். எழுத்தாணிக்குப் பதில் கூர் தீட்டிய ஆணி ஒன்றை மரக் கைப்பிடியில் செருகிக்கொள்ளலாம். ஓலையை இடது கையில் பிடித்து, இடது கைக் கட்டைவிரலால் ஆணியைத் தாங்கி நகர்த்தி எழுதுங்கள். மேஜையில் வைத்துப் பேனா மாதிரி எழுதினால் அந்தக் கருவி சொல்ல வருவது உங்களுக்குக் கேட்காது. நரம்பு ஓடும் திசையில் நீளமாக நேர்கோடு இழுத்துப் பாருங்கள், ஓலை பிளக்கப் பார்க்கும். வளைவு அப்படிப் பிளக்காது. எழுதி முடித்ததும் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. விளக்குக் கரியை நல்லெண்ணெயில் குழைத்துத் தடவித் துடைத்தால் கீறலில் மட்டும் கருப்பு நின்று எழுத்து எழும்பி வரும்.

இந்தக் கரி தடவித் துடைக்கிற நொடியை அவசியம் வீடியோ எடுங்கள். ஒன்றும் இல்லாத ஓலையில் ஒரே துடைப்பில் 'பனையோலை' வருகிறது. எந்த மென்பொருளில் செய்த எழுத்து அனிமேஷனையும் விட இது வலுவானது என்பது என் அபிப்பிராயம்.

கல்லையும் சேர்க்க ஆசை இருந்தால் கழுகுமலைக்குப் போங்கள். அங்கே சமணச் சிற்பங்களுக்குக் கீழே 8, 9-ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த, வட்டெழுத்து என்கிற பழைய எழுத்துமுறையில் வெட்டிய கல்வெட்டுகள் நிறைய இருக்கின்றன. பாண்டிய நாட்டில் சோழர் ஆட்சி வந்து இன்றைய தமிழ் எழுத்தின் முன்னோடி வடிவம் பரவும்வரை இங்கே ஓடியது வட்டெழுத்துதான். காலை வெயில் அல்லது மாலை வெயில் பாறையில் சாய்வாக விழும் நேரத்தில் எடுத்தால் எழுத்தின் பள்ளம் நிழலாகத் தெரியும், நேர் உச்சி வெயிலில் ஒன்றும் தெரியாது. எழுத்து தெளிவாகத் தெரியட்டும் என்று சாக்பீஸ், மாவு, விபூதி எதையும் கல்வெட்டில் தேய்க்காதீர்கள். அது பாதுகாக்கப்பட்ட இடம், மை தடவித் தாளில் மைப்படி எடுக்கவும் அனுமதி வேண்டும். சாய்வெளிச்சம் ஒன்றே போதும்.

அடுத்து ஈய எழுத்து. இதற்கு நீங்கள் கொஞ்சம் அலைய வேண்டியிருக்கும். ஆஃப்செட்டும் டிடிபியும் வந்தபின் நிறைய அச்சகங்கள் ஈய எழுத்தை எடைக்குப் போட்டுவிட்டன. ஆனால் ஈய எழுத்தை அடிக்கிற பழைய சின்ன அச்சு இயந்திரமான டிரெடில் மெஷின் இன்னும் முழுசாகப் போகவில்லை. பில் புக்குக்கு நம்பர் போடவும், துளைக்கோடு அடிக்கவும், அட்டைக்கு மடிப்புக்கோடு போடவும் அதை வைத்திருக்கிறார்கள். திருநெல்வேலி ஜங்ஷன், டவுன், பாளையங்கோட்டை பக்கம் பில் புக் அடிக்கிற சின்ன அச்சகங்களில் விசாரியுங்கள். எங்கேயாவது ஒரு பழைய கேஸில் (அறை அறையாகப் பிரித்த எழுத்துப் பெட்டியில்) எழுத்து மிச்சம் இருந்தால், அதைக் கோக்கத் தெரிந்த பெரியவரும் பக்கத்திலேயே இருப்பார். அவரை உட்காரவைத்து 'பனையோலை' கோக்கச் சொல்லி, கையை மட்டும் மேலிருந்து படம் எடுங்கள். எழுத்தைத் தலைகீழாக, இடமிருந்து வலமாக ஸ்டிக் என்கிற கைச்சட்டத்தில் அடுக்குவார். னை-க்கு முதலில் இணைக்கொம்பு, அப்புறம் ன. யோ-வுக்கு இரட்டைக் கொம்பு, ய, கால். பழைய கேஸாக இருந்து ஒற்றைத் துண்டு லை அகப்பட்டால் அதைத் தனியாக ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

எழுத்தே கிடைக்காவிட்டாலும் வழி உண்டு. கல்யாணப் பத்திரிகைக்குத் தங்க ஃபாயில் அடிக்க உலோகத்தில் பிளாக் செய்கிறார்கள் இல்லையா, அதேபோல நீங்கள் வரைந்த பழைய னை, லை-யைப் பிளாக்காகச் செய்து டிரெடிலில் மை போட்டு அடிக்கலாம். மெஷினின் சத்தத்தையும் பதிவு செய்யுங்கள். மணிக்கு 1000 தாள் வேகத்தில் ஓடினால் ஒரு தாளுக்கு 3.6 நொடி. அந்தத் தாளத்தை வீடியோவின் தாளமாக வைத்துக்கொண்டு, ஒவ்வொரு அடிக்கும் ஓர் எழுத்து மாறட்டும். வெளியே எங்கேயோ இறக்கிய பின்னணி இசையை விட இது உங்கள் வேலைக்குச் சொந்தமானது.

சேரன்மகாதேவிக்காரர் நீங்கள், பத்தமடை எட்டிப்பிடிக்கிற தூரம். கோரைப் பாயில் மணமக்கள் பெயர் நெய்து கொடுக்கிற வழக்கம் உங்களுக்கே தெரிந்திருக்கும். டிசைன் மாணவர்கள் இதைக் 'கைவினைப் பொருள்' என்று ஒரு படம் எடுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள், எனக்கு அது வருத்தம். அந்தப் பெயரை எழுத்தாகப் பாருங்கள். நெடுக்கே பருத்தி நூல், குறுக்கே கீறிய கோரை. கட்டத்துக்குள் மட்டுமே கோடு நகர முடியும். ஓலை வளைவைக் கேட்டது என்றால் பாய் படிக்கட்டைக் கேட்கிறது. ல-வின் சுழி அங்கே எத்தனை படியில் முடிகிறது, இணைக்கொம்பின் இரண்டு வட்டமும் எவ்வளவு சின்னக் கட்டத்துக்குள் அடங்குகிறது, புள்ளியை ஒரு கட்டமாக வைக்கிறார்களா இரண்டாகவா என்று எண்ணுங்கள். நெய்கிறவர்களுக்கு இதற்கெல்லாம் தீர்வு ஏற்கெனவே கையில் இருக்கிறது. அவர்கள் நேரத்துக்குக் கூலி கொடுத்துவிட்டுக் கேளுங்கள், பெயர் போடலாமா என்று கேட்டு அவர்கள் சம்மதித்தால் வீடியோவின் முடிவில் பெயரும் போடுங்கள்.

வீட்டுக்கு வந்து கட்டத்தாளில் அதே அளவுக்குள் 'பனையோலை'யை வரையுங்கள். ஒரு சின்ன விஷயம்: கோரையின் கனமும் நூலுக்கு நூல் உள்ள இடைவெளியும் ஒன்றாக இருக்காது, அதனால் பாயின் கட்டம் சதுரமாக அமையாது. சாதாரணக் கட்டத்தாளில் வரைந்தால் உங்கள் எழுத்து பாயில் இழுத்தது போலவோ நசுங்கியது போலவோ வரும். பாயை நேர் மேலிருந்து படம் எடுத்து, கட்டத்தின் நீள அகல விகிதத்தை அளந்துகொண்டு அதற்கேற்ற தாளைக் கம்ப்யூட்டரில் போட்டு அச்சடியுங்கள். இந்தக் கட்ட எழுத்து நேராக வீடியோவுக்குப் போகும், ஒவ்வொரு கோரையும் ஒரு வரி, வரி வரியாக எழுத்து கீழிருந்து நெய்யப்பட்டு ஏறும்.

சுவர் எழுத்துப் பெயிண்டர்களைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, நீங்கள் பார்த்து வளர்ந்தது. தேர்தல் நெருங்கினால் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து, நூல் பிடித்து, பட்டை பிரஷால் எழுதுகிறார்களே, அதை மட்டும் ஒரு முறை முழுசாக, வெட்டாமல் படம் எடுத்து வையுங்கள். எழுத்தை எங்கே தொடங்கி எங்கே முடிக்கிறார், எந்த இடத்தில் பிரஷைத் திருப்புகிறார் என்பது பின்னால் அனிமேஷனுக்கு வேண்டும். ஃபிளெக்ஸ் பேனரைக் கேவலமாகப் பேசுவது டிசைன் படித்தவர்களிடம் ஒரு வழக்கமாகிவிட்டது, எனக்கு அதில் உடன்பாடில்லை. மூன்று மணி நேரத்தில் ஒரு காதுகுத்து பேனரை முடிக்கிற கடைக்காரருக்கு இருக்கிற நெருக்கடியே வேறு. ஆனால் அங்கே ஒன்றைக் கவனியுங்கள்: நீளமான பெயரை இடத்துக்குள் அடக்க எழுத்தைப் பக்கவாட்டில் நசுக்கும்போது நிற்கிற கோடு மெலிந்து, படுத்த கோடு மட்டும் கனமாகவே நிற்கும். அகலத்தையும் மாற்றிக்கொள்ளக்கூடிய எழுத்துரு இருந்தால் இந்தக் கோளாறு வராது. அனெக் தமிழ் அப்படிப்பட்டது, கனம் 100 முதல் 800 வரை, அகலம் 75 முதல் 125 வரை நகர்த்தலாம். நோட்டோ சான்ஸ் தமிழிலும் அகலம் மாறும். இரண்டும் கட்டற்ற உரிமத்தில் இலவசமாகக் கிடைப்பவை. ஒரே பெயரை நசுக்கியும், அகலத்தை முறையாகக் குறைத்தும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினாலே ஒரு நல்ல போஸ்டர்.

ஆஃப்செட்டில் நீங்கள் செய்ய வேண்டிய சோதனை புள்ளியைப் பற்றியது. க், ண், ஞ் மூன்றையும் 6 பாயிண்டில் இருந்து 14 பாயிண்ட் வரை, வெள்ளைத் தாளில் கருப்பாகவும் கருப்புப் பட்டையில் வெள்ளையாகவும் வைத்து, பூச்சில்லாத மேப்லித்தோ தாளிலும் பளபளப்பான ஆர்ட் பேப்பரிலும் அடித்துப் பாருங்கள். கருப்பில் வெள்ளையாக விட்ட சின்னப் புள்ளியை மை மூடிவிடும், மேப்லித்தோவில் இன்னும் சீக்கிரம். நாலு கலரைச் சேர்த்துச் செய்த கருப்பு என்றால் பிளேட் ஒரு மயிரிழை நகர்ந்தாலும் போச்சு, சின்ன எழுத்தை எப்போதும் ஒற்றைக் கருப்பில் மட்டும் வையுங்கள். அச்சகத்தில் வேஸ்ட் தாளைக் கேட்டு வாங்குங்கள். மெஷினைச் செட் பண்ணுவதற்கு ஒரே தாளைத் திரும்பத் திரும்ப விடுவார்கள், கடலை மிட்டாய் லேபிள் மேல் கண்ணீர் அஞ்சலி, அதன் மேல் வாழைத்தார் கமிஷன் மண்டி பில் என்று அடுக்கடுக்காக ஏறியிருக்கும். யாரும் திட்டமிடாமல் வந்த அந்த அடுக்குகளில் நிறம் சேர்வதைப் பற்றி நிறையப் படிக்கலாம்.

அச்சையும் வீடியோவையும் ஒன்றாகக் கட்ட எனக்குத் தெரிந்த சிறந்த பொருள் தினசரி காலண்டர். சிவகாசி 1910 வரை திருநெல்வேலி மாவட்டத்தில்தான் இருந்தது, அதனால் அதையும் நம் கணக்கில் சேர்த்துக்கொள்கிறேன். விற்காமல் தங்கிப்போன போன வருடக் காலண்டர் கட்டைக் கடையில் கேட்டால் சல்லிசாகக் கொடுப்பார்கள். 365 தாள் ஒன்றாகக் கட்டப்பட்டு, விரலால் தள்ளினால் படபடவென்று ஓடும். நொடிக்கு 12 படம் என்று வைத்தால் 365 தாளுக்கு 30 நொடி வீடியோ. ஒவ்வொரு தாளிலும் தேதிக்கு மேல் ஓர் எழுத்து வடிவத்தை ரப்பர் ஸ்டாம்பாலோ ஸ்கிரீன் பிரிண்டிங்கிலோ அடியுங்கள். பழைய லை-யின் தும்பிக்கை கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று புது இணைக்கொம்பாகிற மாற்றத்தை 365 தாளில் பரப்பலாம். ஒவ்வொன்றையும் தனியாக வரைய வேண்டாம், தொடக்கம், முடிவு, நடுவில் சில நிலைகளை வரைந்து ஒவ்வொன்றையும் சில தாள்களுக்குத் திரும்ப அடித்தால் போதும். கையால் அடித்ததால் ஒவ்வொரு தாளிலும் மை கொஞ்சம் கூடும், குறையும், இடம் அசையும். அந்த அசைவு திரையில் உயிரோடு தெரியும். சிவகாசிக்கே போய் அச்சகம் பார்க்க விரும்பினால் தீபாவளிக்குப் பிந்தைய மாதங்களைத் தவிருங்கள், அப்போது காலண்டர் வேலையில் அவர்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது.

இப்போது உங்கள் எழுத்து உடைகிற பிரச்சினை. இரண்டு காரணம் இருக்கலாம். டிடிபி கடையில் இருந்து வாங்கிய பாமினி போன்ற எழுத்துரு யூனிகோடு கிடையாது, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவத்தை உட்காரவைத்தது. யூனிகோடு உரையை அதில் ஒட்டினால் தாறுமாறாகத்தான் வரும், எழுத்துரு மாற்றி (கன்வெர்ட்டர்) ஒன்றை வைத்து மாற்ற வேண்டும். எழுத்துரு சரியாக இருந்தும் இணைக்கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கிறது என்றால், மென்பொருளின் உரை இயந்திரம் இந்திய மொழிகளுக்கு அமைக்கப்படவில்லை. ஆஃப்டர் எஃபெக்ட்ஸின் புதிய பதிப்புகளில் அமைப்புகளுக்குள் 'டைப்' பகுதியில் தெற்காசிய, மத்தியகிழக்கு மொழிகளுக்கான தேர்வு உண்டு, அதைப் போட்டுவிட்டுப் புதிதாக உரையை இடுங்கள். இல்லஸ்ட்ரேட்டரிலும் இன்டிசைனிலும் 'வேர்ல்டு ரெடி கம்போசர்' என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பழைய பதிப்பு என்றால் இங்க்ஸ்கேப்பில் தட்டச்சு செய்யுங்கள், அது தமிழைச் சரியாகக் காட்டும். அங்கேயே உரையைப் பாதையாக (வெறும் வரைகோட்டு வடிவமாக) மாற்றிக் கொண்டுவந்துவிடலாம்.

எழுத்து எழுத்தாக அசைக்கும்போது அடுத்த சிக்கல் வரும். மென்பொருள் தானாகப் பிரிப்பதை நம்பாமல், வடிவமாக மாற்றிய பிறகு ப, னை, யோ, லை என்று நீங்களே நாலு குழுவாகக் கட்டிவிடுங்கள். நிரல் எழுதி, பிரௌசரில் செய்கிறீர்கள் என்றால் ஜாவாஸ்கிரிப்டில் 'இன்டிஎல் செக்மென்டர்' (Intl.Segmenter) இதைச் சரியாகப் பிரித்துக் கொடுக்கும். க்ஷ, ஸ்ரீ இரண்டையும் மட்டும் தனியாகக் கவனிக்க வேண்டும், அவற்றை இரண்டாக்கிவிடும். தமிழில் எழுத்துகள் இந்திபோல மேல்கோட்டால் இணைந்து நிற்பதில்லை என்பதால் எழுத்துக்கு எழுத்து இடைவெளி தாராளமாக விடலாம். கொம்பையும் காலையும் மட்டும் எழுத்தை விட்டுப் பிரிக்கக் கூடாது, பிரித்தால் படிக்கிறவர் தடுமாறுவார்.

பிரிப்பதையே சோதனையாக எடுத்தால் வேறு கதை. எனக்கு மிகவும் ஆசையான பரிசோதனை இதுதான், யாராவது செய்து பார்க்க வேண்டும் என்று காத்திருக்கிறேன். கம்பாசிட்டரும், பழைய டைப்ரைட்டர் அடித்தவரும் கொம்பை முதலில் வைத்தார்கள், கண்ணுக்குத் தெரிகிற வரிசையில். யூனிகோடு உச்சரிக்கிற வரிசையில் வைக்கிறது, ன முதலில், ஐகாரக் குறி அப்புறம். அதனால் திரையில் ன வந்து நின்ற பிறகு இணைக்கொம்பு அதற்கு முன்னால் வந்து புகுந்து ன-வை வலப்பக்கம் தள்ளுகிறது. யோ-வில் ய தனியாக நிற்க, இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் கொம்பும் காலும் வந்து இறங்குகின்றன. தினமும் போனில் தட்டச்சு செய்கிறோம், அந்தத் துள்ளலை யாரும் கவனிப்பதில்லை. ஆங்கிலத்தில் பார்த்த டைப்ரைட்டர் எஃபெக்டை அப்படியே தமிழில் போட்டால் எழுத்துகள் இடமிருந்து வலமாக ஒழுங்காக வந்து நின்றுவிடும், இந்த அசைவு காணாமல் போகும். திரையை இரண்டாகப் பிரியுங்கள். மேலே பெரியவரின் கை ஈய எழுத்தை அடுக்குகிற வரிசை, கீழே அதே சொல்லை யூனிகோடு கட்டுகிற வரிசை, மெதுவாக, ஒவ்வொரு தள்ளலும் தெரியும்படி. இரண்டும் ஒரே நொடியில் 'பனையோலை'யில் வந்து முடியட்டும்.

எழுதுவது போன்ற அனிமேஷன் வேண்டும் என்றால் எழுத்துருவின் வெளிக்கோட்டை வைத்துச் செய்ய முடியாது, அதில் கை போன பாதை இல்லை. நடுவே ஒரு கோடு பென் டூலால் வரைந்து, அதைக் கனமாக்கி, கோட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளிக்காட்டுகிற 'ட்ரிம் பாத்'தில் ஓடவிட்டு, எழுத்து வடிவத்தை மேட்டாக, அதாவது வடிவத்துக்குள் இருப்பதை மட்டும் தெரியவிடுகிற மறைப்பாகப் போடுங்கள். கோட்டின் போக்கு சுவர் எழுதிய பெயிண்டரின் வீடியோவில் இருந்து வர வேண்டும். னை, லை-யின் சுழிகளில் கோடு தன்னையே கடக்கும் இடத்தில் அடுத்த பகுதி முன்கூட்டியே எட்டிப்பார்க்கும், அந்த இடத்தில் எழுத்தை இரண்டு மூன்று துண்டாக வெட்டித் தனித்தனி மேட் கொடுத்தால் சரியாகிவிடும்.

இத்தனையையும் செய்யச் சொல்லவில்லை. ஓலை, ஈய எழுத்து, அந்த இரட்டை வரிசை வீடியோ மூன்றும் நடந்தால் புராஜெக்ட் நின்றுவிடும். பாயோ காலண்டரோ நேரத்தைப் பார்த்துச் சேருங்கள்.

கடைசியாகப் போன். ஷட்டரைக் கையால் மாற்ற விடுகிற எந்த ஆண்ட்ராய்டு போனும் இதற்குப் போதும், கேமராவை ஆட்டோவில் விடாதீர்கள். நொடிக்கு 25 பிரேம், ஷட்டர் 1/50 அல்லது 1/100. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அச்சகத்தில் டியூப் லைட்டுக்குக் கீழே எடுக்கும்போது வேறு ஷட்டரில் படம் மினுங்கும். வெளிச்சம், குவியம், வெள்ளைச் சமநிலை மூன்றையும் பூட்டிவிட்டு எடுங்கள், இல்லாவிட்டால் காலண்டர் தாள் ஒவ்வொன்றும் ஒரு நிறத்தில் வரும். தாளை மேலிருந்து எடுக்க விலை கூடிய ஸ்டாண்ட் வேண்டாம், இரண்டு நாற்காலிக்கு நடுவே ஒரு பலகை வைத்து அதில் துளை போட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தாலே அசையாது. தாள் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் உட்கார, கீழே ஒரு அட்டையில் மூலைக்கு இரண்டு மரச் சட்டம் ஒட்டிக்கொள்ளுங்கள். ஓலை வேகவைக்கிற நேரம், எந்தத் தாளில் எந்த மை என்பதையெல்லாம் அன்றன்றைக்கே நோட்டில் எழுதுங்கள். ரிவ்யூவில் ஆசிரியர்கள் முதலில் கேட்பது அந்த நோட்டைத்தான். பழைய வடிவ னை, லை வரைவதில் எங்கேயாவது சிக்கினால் வரைந்ததைப் படம் எடுத்து அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.